பொதியப்பன் லாரியில் வந்த சத்தம்

ஒரு காட்டில் தார் ரோடு போட்டு முடித்த வருஷம், பொதியப்பன் என்ற கழுதை லாரி வாங்கியது.

லாரி என்றால் சாதாரண லாரி இல்லை. முன்னால் எஞ்சின் வண்டி. பின்னால் தனியாக, நீளமாக ஒரு டிரெய்லர். லாரியின் முதுகில் ஒரு வட்டத் தட்டு இருக்கும். டிரெய்லரின் வயிற்றில் தடித்த இரும்பு ஆணி ஒன்று இருக்கும். ஆணி தட்டில் போய் மாட்டிக்கொண்டால் இரண்டும் ஒரே வண்டி. வளைவில் திரும்பும்போது மட்டும் லாரி ஒரு பக்கம் பார்க்கும், டிரெய்லர் வேறு பக்கம் பார்க்கும், ரொம்ப நாள் குடித்தனம் நடத்திய புருஷன் பெண்டாட்டி மாதிரி.

லாரியைச் செய்தது ஒரு கம்பெனி. டிரெய்லரைச் செய்தது இன்னொரு கம்பெனி. இரண்டுக்கும் தனித்தனி வாரண்டி.

"ஒண்ணுக்கு ரெண்டு கம்பெனி நமக்குப் பொறுப்பு," என்று பொதியப்பன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னது. கேட்டவர்கள் தலையாட்டினார்கள். காட்டில் அதுவரை யாருக்கும் யாரும் பொறுப்பு ஏற்றதில்லை.

பொதியப்பனின் வம்சம் முதுகால் பிழைத்த வம்சம். கடலோரத்து உப்பளத்தில் உப்பு ஏற்றி மேல்காட்டில் கொண்டுபோய் இறக்க வேண்டும். அதுதான் தொழில். மேல்காட்டில் யானை முதல் மான் வரை எல்லோருக்கும் நாக்கில் கொஞ்சம் உப்புப் பட்டால்தான் அன்றைய பொழுது பொழுதாக இருக்கும். இடையில் சேற்றோடை என்று ஒன்று உண்டு. மழை பிடித்துவிட்டால் அது பெருகி ரோட்டை மூடிவிடும். அப்புறம் தை பிறக்கும்வரை மேல்காட்டுக்குப் போக வழி கிடையாது. எனவே வருஷத்து உப்பு முழுவதும் மழைக்கு முன்னால் மேலே போய்ச் சேர வேண்டும்.

லாரி வந்த அன்று பொதியப்பன் தன் முதுகிலிருந்த பொதிச் சேணத்தைக் கழற்றியது. ஓரமெல்லாம் நைந்து, உப்பும் வியர்வையும் ஊறிக் கல்லாகிப்போன சேணம். எறிய மனசு வரவில்லை. மடித்து டிரைவர் சீட்டில் போட்டு, அதன் மேல் ஏறி உட்கார்ந்தது.

"இத்தனை காலம் நீ என் மேல இருந்தே. இனிமே நான் உன் மேல," என்று சேணத்திடம் சொன்னது. "இனி இந்த முதுகுல ஒரு ஈ உட்கார்ந்தாலும் விடமாட்டேன்."

இந்தச் சபதம் காடு முழுவதும் பரவியது. பரவியதற்குக் காரணம் கொறியம்மா.

கொறியம்மா கிளீனராகச் சேர்ந்த வெள்ளாடு. வயதில் பொதியப்பனுக்கு இளையது, வாயில் மூத்தது. கண்ணாடி துடைக்கும், தார்ப்பாய் இழுத்துக் கட்டும், ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று "வரலாம், வரலாம்" என்று கத்தும். மற்ற நேரமெல்லாம் எதையாவது மென்றுகொண்டிருக்கும்.

மேல்காட்டின் மூத்த யானை மலையாத்தா லாரியைப் பற்றிக் கேள்விப்பட்டதும் ஒரே ஒரு சொல் சொல்லி அனுப்பியது: "லாரியில கொண்டா, தலையில கொண்டா, எனக்கு அக்கறையில்லை. மழைக்கு முன்னாடி உப்பு வரணும். வரலேன்னா அடுத்த வருஷம் ஒட்டகத்துக்கிட்ட குடுத்துடுவேன்."

பொதியப்பனுக்குக் கணக்குத் தெரியும். உப்பு நடை கைவிட்டுப் போனால் லாரிக்கு வேலை இல்லை. லாரிக்கு வேலை இல்லாவிட்டால் முதுகுக்கு வேலை வந்துவிடும்.

அப்படித்தான் அந்த வருஷம் டிரெய்லர் நிறைய உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டு இரண்டும் கிளம்பின. காற்று நன்றாக அடித்தது. கொறியம்மா ஜன்னலில் தாடி பறக்க உட்கார்ந்திருந்தது. சேற்றோடைக்கு இந்தப் பக்கம், ஏற்றம் தொடங்குவதற்குச் சற்று முன்னால், நாவல் மரத்து வளைவில் வண்டி திரும்பியபோது பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது.

கடக்.

பொதியப்பனின் இரண்டு காதும் நிமிர்ந்தன. கழுதைக்குக் காது எதற்காக அவ்வளவு நீளம் என்று கேட்பவர்கள் லாரி ஓட்டிப் பார்க்க வேண்டும்.

"என்ன சத்தம்?"

"நான் இல்லண்ணே. நான் மென்னு முடிச்சு ரொம்ப நேரமாச்சு."

இன்னும் கொஞ்ச தூரம். கடக். பிரேக் போட்டால் கடக். விட்டால் கடக். பொதியப்பன் வண்டியை நாவல் மர நிழலில் ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தது. சத்தம் தட்டும் ஆணியும் சேருகிற இடத்திலிருந்து வருகிறது. அந்த நிலையில் ஏற்றம் ஏறினால், பாதி மலையில் ஆணி கழன்று, லாரி மேல்காட்டுக்கும் டிரெய்லர் கடலுக்கும் போய்ச் சேரும்.

ரோட்டில் ஓடுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டி பழுதாகி நின்றால் மரத்திலிருந்து ஒரு கொத்தை ஒடித்து வண்டிக்குப் பின்னால் ரோட்டில் போட வேண்டும். தூரத்திலிருந்து வருகிறவர் கொத்தைப் பார்த்ததும், வண்டி படுத்துவிட்டது என்று புரிந்துகொண்டு ஒதுங்கிப் போவார். கொறியம்மா முறைப்படி பூவரசங்கொத்து ஒன்று ஒடித்து வந்து பின்னால் போட்டது. நல்ல தளதளவென்ற கொத்து.

வளைவுக்கு அந்தப் பக்கமே ஒரு பட்டறை இருந்தது. பட்டறைக்காரர் ஒரு பெருச்சாளி. அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று, சுத்தியலால் ஒரு போடு போடுவது. எஞ்சின் நின்றாலும் அதுதான், ஹாரன் அடிக்காவிட்டாலும் அதுதான். பாதி வண்டிகள் அதற்கே பயந்து ஓடிவிடும். மீதிப் பாதி அங்கேயே தங்கிவிடும்.

"ஆணி கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு. இந்தப் பக்கம் ஒரு தட்டு தட்டினா உட்கார்ந்துக்கும்," என்றார் பெருச்சாளி, சுத்தியலை ஓங்கியபடி.

பொதியப்பன் குறுக்கே விழுந்து மறித்தது. "தொடாதீங்க மேஸ்திரி. வாரண்டி இருக்கு."

பெருச்சாளி சுத்தியலை மெதுவாக இறக்கினார். துக்க வீட்டில் பேசுகிற குரலில், "அடடா. எவ்வளவு நாளா இருக்கு?" என்று கேட்டார்.

வாரண்டிக்குப் போன் போட வேண்டும். பொதியப்பன் செல்போனை எடுத்தது. கம்பெனியில் ஒரு கிளி பேசியது.

"வணக்கம். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம். லாரிக்கு ஒன்றை அழுத்தவும். லாரி நின்றுவிட்டால் இரண்டை அழுத்தவும். நின்ற லாரி மறுபடியும் ஓடிவிட்டால் மூன்றை அழுத்தவும்."

பொதியப்பன் அழுத்தியது. குளம்பு பெரிது, பட்டன் சிறியது. ஒன்றும் இரண்டும் நாலும் ஐந்தும் சேர்ந்து அமுங்கின.

"நீங்கள் புதிதாக நான்கு லாரிகள் வாங்க விரும்புகிறீர்கள். மிக்க மகிழ்ச்சி," என்றது கிளி.

"இப்படிக் குடுங்க," என்று கொறியம்மா போனை வாங்கிக் கொம்பு நுனியால் இரண்டை அழுத்தியது. பிறகு டிரெய்லர் கம்பெனிக்கும் போன் போட்டது. அங்கேயும் அதே கிளிதான். குரலை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொண்டது.

இரண்டு கம்பெனியும் ஆள் அனுப்பின. அதில் குறை சொல்ல முடியாது. லாரிக் கம்பெனியிலிருந்து தாவுராஜ் என்ற குரங்கு வந்தது. டிரெய்லர் கம்பெனியிலிருந்து சாந்தகுமார் என்ற நரி வந்தது. இரண்டு பேரும் சட்டையில் பெயர் குத்தியிருந்தார்கள்.

தாவுராஜ் லாரியின் கீழே ஒரு தாவு, மேலே ஒரு தாவு தாவிப் பார்த்தது. "சத்தம் ஆணியில வருது. ஆணி டிரெய்லரோடது. எங்க லாரி தங்கம்."

சாந்தகுமார் படுத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தது. "சத்தம் தட்டுல வருது. தட்டு லாரியோடது. எங்க டிரெய்லர் பத்தரை மாத்து."

"தனித்தனியா இருக்கும்போது ரெண்டும் சத்தம் போடலீங்க. சேர்ந்தாத்தான் போடுது," என்றது பொதியப்பன்.

"அப்போ சேர்த்தது யாரு?" என்று இரண்டும் ஒரே குரலில் கேட்டன.

"நான்தான்."

குரங்கும் நரியும் ஒன்றையொன்று பார்த்துத் தலையசைத்துக்கொண்டன. அதுவரை பேச்சு வார்த்தை இல்லாத இரண்டு கம்பெனிகள் அந்த இடத்தில் முதல் முறையாக ஒத்துப்போயின.

பொதியப்பன் விடவில்லை. மழைக்கு முன்னால் ஓடை தாண்ட வேண்டும் என்றது. நடை போய்விடும் என்றது. கடைசியில் நரி, "இந்த மாதிரி நடுவுல வர்ற சத்தத்துக்குன்னே ஒரு ஆய்வாளர் இருக்கார். ரெண்டு கம்பெனிக்கும் பொது. பேரு நிதானமூர்த்தி. அவர் வந்து பார்த்து எந்தப் பக்கம்னு சொல்லிட்டா, அந்தப் பக்கத்துக்காரங்க உடனே செஞ்சு குடுத்துடுவோம்," என்றது.

"எப்ப வருவார்?"

"கிளம்பிட்டார்," என்றது குரங்கு. "அவர் எப்பவும் கிளம்பிக்கிட்டேதான் இருப்பார்."

போகும்போது இரண்டும் எச்சரித்தன. அவர் வரும்வரை வண்டியை ஓர் அடிகூட அசைக்கக் கூடாது. அசைத்தால் வாரண்டி போய்விடும். வெளியாள் கை படக் கூடாது. பட்டால் வாரண்டி போய்விடும். "பின்னால கொத்து மட்டும் இருக்கட்டும். ரோட்டுல எத்தனையோ வண்டி நிக்கும். அவர் கொத்தைப் பார்த்துத்தான் இது பழுதான வண்டின்னு கண்டுபிடிப்பார்."

"உப்பு?" என்று கேட்டது பொதியப்பன்.

"உப்புக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லீங்க. உப்புக்கு வாரண்டி கிடையாது."

காத்திருந்தன. காலையில் பொதியப்பன் வானத்தைப் பார்க்கும். மாலையில் ரோட்டைப் பார்க்கும். மேற்கே மேகம் ஒன்று வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பட்டறை வாசலில் பெருச்சாளி சுத்தியலைத் துடைத்து வெயிலில் காயவைத்தார். கொறியம்மாவுக்கு வேலை இல்லை. துடைக்கிற கண்ணாடியைத் துடைத்தாயிற்று. தார்ப்பாயை இழுத்துக் கட்டியாயிற்று. வேலை இல்லாத ஆட்டுக்கு முன்னால் தளதளவென்று ஒரு பூவரசங்கொத்து ரோட்டில் கிடந்தது.

ஒருநாள் மத்தியானம் பொதியப்பன் சீட்டில் சாய்ந்து கண்ணயர்ந்தது. எழுந்தபோது போன் அடித்துக்கொண்டிருந்தது. கிளி.

"வணக்கம். உங்கள் புகார் குறித்து ஒரு நல்ல செய்தி. ஆய்வாளர் நேரில் வந்து பார்த்தார். நீங்கள் சொன்ன இடத்தில் பழுதான வண்டி எதுவும் இல்லை. நிழலில் நல்ல வண்டி ஒன்று நின்றது. அதில் ஒருவர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். எங்கள் சேவை உங்களுக்குப் பிடித்திருந்தால் ஒன்றை அழுத்தவும்."

பொதியப்பன் இறங்கிப் பின்னால் ஓடியது. ரோடு துப்புரவாக இருந்தது. ஒரு காம்பு மட்டும் கிடந்தது.

"கொறியம்மா."

"என்னண்ணே."

"கொத்து எங்கே?"

கொறியம்மா தாடையை அசைப்பதை நிறுத்தியது. "வாடிப்போச்சுண்ணே. வாடினது ரோட்டுல கிடந்தா பார்க்க நல்லாவா இருக்கு?"

"தின்னுட்டியா?"

"ஓரம் மட்டும்தான் எடுத்தேன். ஓரத்தை எடுத்தா நடு ஓரமாயிடுது. நான் என்ன செய்ய?"

பொதியப்பன் காம்பைக் காலால் ஓரமாகத் தள்ளியது. "இங்கே யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரலை. காலையில ஒரு ஆமை போச்சு."

"ஆமையா?"

"நல்ல மரியாதையான ஆமை. டிரெய்லர் பின்சக்கரத்துக்கிட்ட வரும்போது வணக்கம் சொல்லுச்சு. நானும் சொன்னேன். வெயில் அதிகம்னு பேசிக்கிட்டோம். அது முன்சக்கரத்துக்கு வர்றதுக்குள்ள உச்சிவெயில் வந்துடுச்சு. மூர்த்தின்னு என்னவோ பேரு சொல்லுச்சு. பாவம், வீட்டையும் தூக்கிக்கிட்டே அலையுது."

"நிதானமூர்த்தி."

"அதேதான். உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்ற கொறியம்மா, பொதியப்பனின் முகத்தைப் பார்த்துத் தானே புரிந்துகொண்டது. "ஆய்வாளர்னா ஜீப்புல வருவார்னு நெனச்சேன்ணே."

பொதியப்பன் ஓடியது. அதிகம் ஓட வேண்டியிருக்கவில்லை. ஆய்வாளர் வளைவை அப்போதுதான் தாண்டியிருந்தார். பட்டறைக்குப் பக்கத்தில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தார்.

"ஐயா, அது என் வண்டிங்க. பழுதான வண்டிதாங்க. கொத்தை ஆடு தின்னுடுச்சு."

நிதானமூர்த்தி கழுத்தை வெளியே நீட்டினார். அதற்கே கொஞ்ச நேரமாயிற்று. "கொத்து இல்லாத வண்டியை நான் பரிசோதிச்சா, நல்ல வண்டியைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடும் தம்பி. கம்பெனிக்குக் கெட்ட பேரு."

"நாலு எட்டுதாங்க. திரும்பி வந்து ஒரு தடவை பார்த்துடுங்க."

"வரேன். ஆனா இங்கேயிருந்து நேரா வர முடியாது. போன்ல சொன்னது போதாது, ஆபீசுக்குப் போய், இதை முடிச்சேன்னு எழுதிக் குடுத்துட்டு, புதுசாக் கிளம்பித்தான் வரணும்."

"ஆபீசு எங்கே?"

நிதானமூர்த்தி கடல் பக்கம் கண்ணைக் காட்டினார். பொதியப்பன் மேற்கே பார்த்தது. மேகம் இப்போது எட்டிப் பார்க்கவில்லை, வந்து உட்கார்ந்திருந்தது.

அப்போது பொதியப்பன் செய்ததைப் பெருச்சாளி பட்டறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கழுதை முன்னங்காலை மடக்கிக் கீழே உட்கார்ந்து முதுகைத் தாழ்த்தியது. ஈ உட்காரக் கூடாது என்று வைத்திருந்த முதுகு.

"ஏறிக்குங்க ஐயா. ஆபீசுக்கும் நானே கொண்டுபோய் விடறேன். திரும்பவும் நானே கூட்டி வரேன். பொழுது சாயறதுக்குள்ள முடிஞ்சிடும்."

நிதானமூர்த்தி அந்த முதுகை மேலும் கீழும் பார்த்தார். "நல்ல முதுகு தம்பி. ஆனா புகார் குடுத்தவங்க மேல ஆய்வாளர் ஏறக் கூடாது. சலுகை வாங்கினதா ஆயிடும். நான் நடந்தே வரேன். நீங்க கொத்தைப் பத்திரமா வெச்சுக்குங்க."

அவர் நடக்கத் தொடங்கினார். பொதியப்பன் எழுந்து முழங்கால் மண்ணை உதறிக்கொண்டது. சபதத்தை விட்டுக் கொடுத்தும் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை என்பதுதான் அதற்கு அதிகமாக வலித்தது.

மறுநாள் மேல்காட்டிலிருந்து ஒரு இருவாச்சிப் பறவை வந்து டிரெய்லர் மேல் உட்கார்ந்தது. "மலையாத்தா கேக்கச் சொன்னாங்க. உப்பு வருதா, ஒட்டகத்துக்குச் சொல்லி அனுப்பவா?"

"வருதுன்னு சொல்லு," என்றது பொதியப்பன்.

பறவை போனதும் கொறியம்மா கேட்டது: "எப்படிண்ணே வருது? வண்டியை அசைக்கக் கூடாதே."

"வண்டியைத்தானே அசைக்கக் கூடாது."

பொதியப்பன் டிரைவர் சீட்டுக்குப் போய்ச் சேணத்தை எடுத்தது. உட்கார்ந்து உட்கார்ந்து அது தட்டையாகிப் போயிருந்தது. இரண்டு உதறு உதறியது. பழைய உப்பு கொஞ்சம் உதிர்ந்தது. முதுகில் போட்டதும் அது எந்த இடத்தில் இருக்க வேண்டுமோ அந்த இடத்தில் தானாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

கொறியம்மா சொல்லாமலே டிரெய்லர் மேல் ஏறித் தார்ப்பாயை அவிழ்த்தது. அதுவே அதிசயம்.

டிரெய்லரின் தளம் கழுதை முதுகுக்குச் சரியான உயரம். பொதியப்பன் பக்கத்தில் போய் நின்றால் போதும். கொறியம்மா மேலிருந்து மூட்டையைத் தலையால் முட்டித் தள்ளும், மூட்டை முதுகில் விழும். இவ்வளவு வசதியாகப் பொதியப்பன் ஒருநாளும் சுமை ஏற்றிக்கொண்டதில்லை. லாரி வாங்கியதற்குக் கிடைத்த முதல் பலன் அது.

ஓடையைத் தாண்டி, ஏற்றம் ஏறி, இறக்கிவிட்டு வந்து, மறுபடியும் ஏறியது. வழியில் மரத்து மேலிருந்த குரங்குகளுக்கு நல்ல பொழுதுபோக்கு.

"என்னண்ணே, லாரிக்கு ஓய்வு குடுத்திருக்கீங்களாமே?"

"ஆமா. புது வண்டி. களைச்சுப் போகும்ல," என்றது பொதியப்பன்.

"ஈ வந்தா விடமாட்டேன்னீங்க. மூட்டைக்கு விலக்கு உண்டா?"

"மூட்டை பறக்காது. அதான் விட்டுட்டேன்."

கொறியம்மாவும் சின்ன மூட்டை ஒன்றைக் கழுத்தில் கட்டிக்கொண்டு கூட வந்தது. அது சுமந்த மூட்டை மட்டும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இளைத்தே மேலே போய்ச் சேர்ந்தது. பொதியப்பன் பார்த்தும் பார்க்காத மாதிரி நடந்தது. கொத்து விஷயத்தில் கோபம் இருந்தாலும், கேட்காமல் சுமக்க வந்த ஒரே ஆள் அதுதான்.

கடைசி மூட்டை இறங்கியபோது முதல் தூறல் விழுந்தது. மலையாத்தா தும்பிக்கையால் மூட்டைகளைத் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தது. பொதியப்பன் மூச்சு வாங்க நின்றது.

"உப்பு சேர்ந்துடுச்சு. நடை உனக்குத்தான்," என்றது மலையாத்தா.

பொதியப்பன் வாலை ஒரு வீசு வீசியது. நிம்மதியில்தான்.

"ஆனா ஒண்ணு," என்றது மலையாத்தா. "அடுத்த வருஷம் லாரியெல்லாம் வேண்டாம். லாரி வழியில நின்னுடுது. நீ நிக்கலை. இப்படியே கொண்டு வந்துடு."

மலையாத்தா அதைப் பாராட்டாகத்தான் சொன்னது. அதனால் பொதியப்பன் தலை குனிந்து கும்பிட்டது. கும்பிட்டு நிமிரும்போது முதுகில், முன்னங்காலும் பின்னங்காலும் பிரிகிற நடுவிடத்தில், ஒரு சத்தம் வந்தது.

கடக்.

ஓடை பெருகுவதற்குள் இரண்டும் இறங்கி வந்துவிட்டன. பொதியப்பன் இந்த முறை ஆடாதொடைக் கொத்து ஒன்றை ஒடித்து வண்டிக்குப் பின்னால் நட்டுவைத்தது. அது ஆடு வாய் வைக்காத செடி. கொறியம்மா ஒருமுறை நக்கிப் பார்த்துவிட்டு, "என்னை நம்பாம போயிட்டீங்களே," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மழை வலுத்த பிறகு ஒருநாள் நிதானமூர்த்தி வந்து சேர்ந்தார். கொத்தைப் பார்த்தார். திருப்தியாகத் தலையசைத்தார்.

"இப்ப சரி. இது பழுதான வண்டிதான். எடுங்க, ஓட்டிப் பார்க்கலாம்."

பொதியப்பன் ஏறி ஸ்டார்ட் செய்தது. வண்டி பூப்போல நகர்ந்தது. வளைவில் திருப்பியது, பிரேக் போட்டது, விட்டது. ஒரு சத்தமும் இல்லை. மழைத்துளி தார்ப்பாயில் விழும் சத்தம் மட்டும்தான்.

"சத்தம் எங்கே?" என்று கேட்டார் நிதானமூர்த்தி.

"லோடு இருந்தாத்தான் வரும் ஐயா."

"லோடு எங்கே?"

"மேல போயிடுச்சு."

"எதுல போச்சு? வண்டி பழுதுன்னு சொன்னீங்களே?"

பொதியப்பன் கதவைத் திறந்து இறங்கியது. படியில் கால் வைத்துக் குனிந்தபோது அது மறுபடியும் வந்தது. நல்ல கணீரென்ற சத்தம்.

கடக்.

நிதானமூர்த்தியின் கழுத்து முழுநீளத்துக்கும் வெளியே வந்தது. அவ்வளவு வேகமாக அவர் எதையும் செய்து யாரும் பார்த்ததில்லை. "இதுதானா?"

பொதியப்பனுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "சத்தம் இதே சத்தம்தாங்க. ஆனா அப்ப வந்தது..."

"போதும் தம்பி." நிதானமூர்த்தி ஓட்டுக்குள்ளிருந்து முத்திரையை எடுத்தார். "சத்தம் லாரியிலும் இல்லை, டிரெய்லரிலும் இல்லை. டிரைவர்கிட்ட இருக்கு. நீங்க இறங்கினதும் வண்டி எவ்வளவு அமைதியா நிக்குது பாருங்க."

வண்டி அமைதியாகத்தான் நின்றது.

"அப்ப இதை யார் சரி பண்ணுவாங்க?"

"உங்களுக்கு வாரண்டி எந்தக் கம்பெனி?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார் நிதானமூர்த்தி. பொதியப்பன் விழித்ததைப் பார்த்து, பாவம் என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

குரங்கும் நரியும் மழையில் நனைந்துகொண்டே வந்து இரண்டு கண்ணாடியிலும் ஒட்டுச்சீட்டு ஒட்டிவிட்டுப் போயின. 'ஆய்வு செய்யப்பட்டது. பழுதற்ற வண்டி.' அந்தக் காட்டில் அப்படிச் சான்று வாங்கிய ஒரே வண்டி அதுதான். குட்டிகளைக் கூட்டிவந்து காட்டுகிறவர்களும் உண்டு.

தை பிறந்தது. ஓடை வடிந்தது. பின்னால் நட்ட ஆடாதொடை வேர் பிடித்து வெள்ளையாகப் பூத்தது. லாரி அதே நாவல் மரத்தடியில் நின்றது. லோடு ஏற்றினால் சத்தம் வரும். சத்தம் வந்தால் மறுபடியும் புகார், மறுபடியும் நிதானமூர்த்தி. பட்டறையில் கொடுத்தால் வாரண்டி போய்விடும். அதனால் பொதியப்பன் அதைத் தினமும் துடைத்து, சும்மாவே ஒருமுறை ஸ்டார்ட் செய்து நிறுத்திவிட்டு, சேணத்தை மாட்டிக்கொண்டு உப்பளத்துக்கு நடந்தது. கொறியம்மா டிரைவர் சீட்டில் காவல் இருந்தது.

ஒருநாள் மூட்டையோடு பட்டறை வாசலைத் தாண்டும்போது முதுகில் சத்தம் கேட்டது. பெருச்சாளி எழுந்து வந்தார். கையில் சுத்தியல் இருந்தது. பழக்க தோஷம்.

"லாரிக்கு வாரண்டி எப்ப முடியுது?"

"இன்னும் இருக்கு மேஸ்திரி."

"முடியட்டும். ஒரு தட்டுல சரி பண்ணிடலாம். பாவம், அதுவரை நிக்கட்டும்." பெருச்சாளி முதுகைச் சுற்றி வந்து காதை வைத்துக் கேட்டார். "இது நடுவுல வர்ற சத்தமாச்சே. இதுக்கு வாரண்டி ஏதாவது இருக்கா?"

"எங்க வம்சத்துல யாருக்கும் இருந்ததில்லை."

"அப்ப தொடலாம்," என்றார் பெருச்சாளி. "கொஞ்சம் அசையாம நில்லுங்க."

பொதியப்பன் ஓங்கிய சுத்தியலைத் திரும்பிப் பார்த்தது. அடுத்த நொடி, காட்டில் யாரும் பார்த்திராத வேகத்தில், முதுகில் மூட்டையோடு மேல்காட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் உப்பு என்றைக்கும் இல்லாத அளவுக்குச் சீக்கிரமாகப் போய்ச் சேர்ந்தது என்று மலையாத்தா எல்லோரிடமும் சொல்லி மகிழ்ந்தது.

நீதி: வாரண்டி உள்ளதை நிழலில் நிறுத்தித் துடைத்து வை. சுமையை வாரண்டி இல்லாத முதுகின் மேல் ஏற்று. அது தானே ஓடும்.